மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு வைரஸ் வந்தால் மரம் பிழைத்துவிடுமா?

வேப்பமரங்களின் கிளைநுனி கருகுவது 2021இல் தெலங்கானாவில் பெரிய செய்தியானது. அப்போதிருந்து மழைக்காலம் முடிகிற சமயத்தில் சென்னையிலும் இந்தப் பேச்சு தலைதூக்குகிறது: எங்கள் தெரு வேம்பும் காய்கிறதே, இது பரவுமா, மருந்து அடிக்கலாமா என்று. கூடவே இன்னொன்றும் சுற்றுகிறது. பூஞ்சையைக் கொல்லும் வைரஸ் ஒன்று இருக்கிறதாம், ஐரோப்பாவில் அதை விட்டுத்தான் காடுகளைக் காப்பாற்றினார்களாம், நம் ஊரில் ஏன் இன்னும் சும்மா இருக்கிறார்கள் என்பது அது.

இதில் பாதி உண்மை. பூஞ்சையைத் தொற்றும் வைரஸ்கள் இருக்கின்றன, ஐரோப்பாவில் ஒரு மரத்துக்கு அது கைகொடுத்ததும் நிஜம்தான். "கொல்லும்" என்ற சொல்லில்தான் கோளாறு. பூஞ்சையைச் சட்டென்று கொன்றுவிடுகிற வைரஸ் காட்டில் எதற்கும் உதவாது, ஏனென்றால் அந்தப் பூஞ்சையோடு அதுவும் முடிந்துபோகும், அடுத்த பூஞ்சைக்குப் போய்ச்சேராது. உதவுவது வேறு மாதிரி வைரஸ்: பூஞ்சையை உயிரோடு விட்டுவைத்து, ஓரளவு பரவவும் விட்டு, மரத்தைக் கெடுக்கும் திறனை மட்டும் குறைக்கிற வைரஸ். அப்படி ஒன்று அமைவது ஏன் இவ்வளவு அபூர்வம் என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மரம், பூஞ்சை, வைரஸ்

பூஞ்சை என்றால் பலருக்குக் காளான்தான் நினைவுக்கு வரும். காளான் அதன் காய்ப்பு மட்டுமே. உண்மையான உடல், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய இழைகளின் வலை, அதற்கு மைசீலியம் என்று பெயர். இழையின் நுனி நீண்டுகொண்டே போகும், நொதிகளைக் கக்கி எதிரில் இருப்பதைக் கரைக்கும், கரைந்ததை உறிஞ்சும். மரத்தைத் தாக்கும் பூஞ்சைகள் எந்த இடத்தில் நுழைகின்றன என்பதை வைத்து மூன்று வகையாகப் பார்க்கலாம்.

1. பட்டைப்புண் வகை. காயத்தின் வழியே பட்டைக்குள் புகுந்து, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் உயிருள்ள படலத்தை அழிக்கும். புண் கிளையைச் சுற்றி வளைத்துவிட்டால் அதற்கு மேலே உள்ள பகுதி காய்ந்துவிடும்.

2. நீர்க்குழாய் வகை. வேர் அனுப்பும் தண்ணீர் மேலே ஏறுகிற குழாய்களுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். எல்ம் மரத்தின் வாடல் நோய் இப்படித்தான்.

3. வேர், அடிமர அழுகல் வகை. சென்னைத் தெருக்களில் குல்மொஹரின் அடியில், தரையை ஒட்டி, பளபளவென்று வார்னிஷ் பூசியது போன்ற செம்பழுப்புத் தட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கானோடெர்மா. தட்டின் அடிப்புறம் வெளுப்பாக இருக்கும், சுற்றியுள்ள மண்ணிலும் தட்டின் மேலேயும் பழுப்புத் தூள் படிந்திருக்கும், அது முழுக்க ஸ்போர், அதாவது பூஞ்சை பரவுவதற்கு விதை போலப் பயன்படும் துகள். தட்டு வெளியே தெரியும்போது உள்ளே வேர் பல காலமாக அழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்ததுபோல் ஒரு காற்று அடித்தால் முதலில் சாய்வது இப்படி அடி அழுகிய மரங்கள்தான்.

மரத்தில் வரும் எல்லா நோயும் பூஞ்சை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சந்தன மரத்தின் ஸ்பைக் நோய் பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகையால் வருவது. கலிபோர்னியாவில் ஓக் மரங்களைச் சாய்க்கும் பைட்டோப்தோரா பார்க்கப் பூஞ்சை போல இருந்தாலும் பாசிகளுக்கு உறவான வேறு இனம். இந்தக் கட்டுரையின் கணக்கில் இவை வரா.

பூஞ்சை வைரஸ் எப்படிப்பட்டது

பூஞ்சைக்குள் வைரஸ் இருப்பது காளான் பண்ணைகளில்தான் முதலில் பிடிபட்டது. 1950 வாக்கில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பட்டன் காளான்கள் கோணலாக முளைத்து விளைச்சல் படுத்துவிட்டது. 1962இல் இங்கிலாந்தில் ஹாலிங்ஸ் என்பவர் நோயுற்ற காளானுக்குள் வைரஸ் துகள்கள் இருப்பதைக் காட்டினார். அதன்பிறகு தேடிய இடமெல்லாம் கிடைத்தது. பெரும்பாலானவை ஆர்.என்.ஏ. வைரஸ்கள், பெரும்பாலானவை பூஞ்சைக்கு எந்தத் தொந்தரவும் தராமல் உள்ளேயே குடியிருப்பவை. இது முக்கியம்: பூஞ்சையில் வைரஸ் கண்டுபிடித்தார்கள் என்ற செய்தி மட்டும் எதையும் சொல்வதில்லை.

நமக்குச் சளி பிடிக்கவைக்கும் வைரஸ் செல்லுக்கு வெளியே வந்து காற்றில் பயணம் செய்து இன்னொரு செல்லைப் பிடிக்கும். பூஞ்சை வைரஸ்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த வெளிப்பயணத்தைக் கைவிட்டவை. சிலவற்றுக்கு மேலுறைகூடக் கிடையாது, வெறும் ஆர்.என்.ஏ. மட்டும் பூஞ்சையின் செல்லுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் அவற்றைத் தண்ணீரில் கலந்து மரத்தின்மேல் அடித்தால் ஒன்றும் நடக்காது. அவை பரவ வழிகள் மூன்றே:

1. இரண்டு பூஞ்சைகளின் இழைகள் தொட்டு, ஒட்டி, ஒன்றாகக் கலக்கும்போது செல்லின் உள்ளடக்கத்தோடு வைரஸும் கடந்துபோகும்.

2. கலவி இல்லாமல் உண்டாகும் ஸ்போர்களுக்குள், அதாவது கொனிடியாவுக்குள், ஏறிப் போகும். எல்லா ஸ்போரிலும் ஏறாது, ஒரு பங்கில் மட்டும் ஏறும். எவ்வளவு பங்கு என்பது வைரஸைப் பொறுத்தும் பூஞ்சையைப் பொறுத்தும் மாறும்.

3. கலவியால் உண்டாகும் ஸ்போர்களில் ஏறிப் போகும். இங்கே வைரஸுக்கு வைரஸ் பெரிய வித்தியாசம். சில ஏறும், சில ஏறவே ஏறாது.

முதல் வழியில் ஒரு தடை இருக்கிறது. எல்லாப் பூஞ்சையும் எல்லாப் பூஞ்சையோடும் இழை கலக்காது. ஒரே இனமாக இருந்தாலும், குறிப்பிட்ட சில மரபணுக்கள் பொருந்தினால்தான் கலப்பு நிலைக்கும், பொருந்தாவிட்டால் தொட்ட இடத்துச் செல்கள் தற்கொலை செய்துகொள்ளும், வைரஸ் அங்கேயே நின்றுவிடும். நம் இரத்த வகைப் பொருத்தம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், வகைகளின் எண்ணிக்கைதான் மிக அதிகம். இனி இதைப் பொருத்த வகை என்றே சொல்கிறேன். ஒரு காட்டில் எத்தனை பொருத்த வகைகள் இருக்கின்றன என்பது, வைரஸ் எவ்வளவு வலுவானது என்பதைவிடப் பெரிய கேள்வி.

செஸ்நட் மரத்துக்கு நடந்தது

1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் மெர்க்கல் என்ற வன அலுவலர் செஸ்நட் என்ற கொட்டை மரங்கள் காய்ந்துபோவதைக் கவனித்தார். கிரைபோனெக்ட்ரியா பாராசிட்டிகா என்ற பட்டைப்புண் பூஞ்சை, கிழக்காசியாவிலிருந்து நாற்றுகளோடு வந்தது. அங்கே உள்ள செஸ்நட் மரங்கள் அதனோடு பழகியவை, அமெரிக்க செஸ்நட்டுக்கு அது புதுசு. 1950க்குள் 300 முதல் 400 கோடி மரங்கள் போய்விட்டன என்று மதிப்பிடுகிறார்கள். வேர் சாகாததால் அடியிலிருந்து துளிர் விடும், துளிர் கொஞ்சம் பெரிதானதும் மறுபடி புண் வரும், மறுபடி சாகும். ஒரு பெருமரம் புதராகிப்போனது இப்படித்தான்.

நோய் எப்படி இருக்கும் என்று பக்கத்திலிருந்து பார்ப்போம். புண் உள்ள இடத்தில் பட்டை உள்வாங்கி வெடித்திருக்கும். வெடிப்பில் ஊசித்தலை அளவு ஆரஞ்சுப் பொட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஈரம் பட்டால் ஒவ்வொரு பொட்டிலிருந்தும் மஞ்சள் நூல் போல ஸ்போர் பிதுங்கி வரும். பட்டையைக் கத்தியால் சீவினால் உள்ளே வெளிர் பழுப்பு மைசீலியம் விசிறி விசிறியாக விரிந்து கட்டை வரை போயிருக்கும்.

1938இல் இதே பூஞ்சை இத்தாலியின் ஜெனோவா பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவின் செஸ்நட்டும் இதே வழியில் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1951இல் பிராகி என்ற இத்தாலிய ஆய்வாளர் விநோதமான ஒன்றைப் பார்த்தார்: சில மரங்களில் புண் இருக்கிறது, மரம் சாகவில்லை. பட்டை உள்வாங்குவதற்குப் பதில் வீங்கியிருந்தது, பூஞ்சை மேல்பட்டையோடு நின்றுவிட்டது, அடியில் மரம் புதுத் திசுவை வளர்த்து மூடிக்கொண்டிருந்தது.

1960களில் பிரான்ஸின் கிராந்த் இந்த ஆறிய புண்களிலிருந்து பூஞ்சையை எடுத்து அகார் என்ற ஜெல்லி நிரப்பிய ஆய்வகத் தட்டில் வளர்த்தார். வழக்கமான பூஞ்சை ஆரஞ்சு நிறத்தில் வளரும், இது வெள்ளையாக, ஸ்போர் அதிகம் இல்லாமல் வளர்ந்தது. வெள்ளையையும் ஆரஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆரஞ்சும் வெள்ளையாக மாறியது, மரத்தைக் கெடுக்கும் திறனும் அதற்குக் குறைந்தது. ஏதோ ஒன்று கடந்துபோகிறது என்பது தெளிவு. அது என்ன என்பதற்கு 1977இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் விடை கிடைத்தது: வெள்ளைப் பூஞ்சைக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ. இருக்கிறது, ஆரஞ்சில் இல்லை. இன்று அதை சி.எச்.வி.-1 என்கிறோம், சுமார் 12,700 எழுத்துகள் நீளமுள்ள ஆர்.என்.ஏ., மேலுறை கிடையாது. 1992இல் சோயும் நஸ்ஸும் இந்த வைரஸின் மரபணு நகலை வைரஸ் இல்லாத பூஞ்சைக்குள் செலுத்தி, அது அதேபோல் வலுவிழப்பதைக் காட்டினார்கள். காரணம் வைரஸ்தான், கூட வந்த வேறெதுவும் அல்ல என்பது அதோடு முடிவானது.

சிகிச்சையும் கைவேலைதான். புண்ணின் ஓரத்தைச் சுற்றி, நல்ல பட்டையும் கெட்ட பட்டையும் சேரும் இடத்தில், சின்னச் சின்னத் துளைகள் போடுவார்கள். அகாரில் வளர்த்த வெள்ளைப் பூஞ்சையைக் கூழாக்கித் துளைகளில் அடைத்து மேலே டேப் ஒட்டுவார்கள். உள்ளே இரண்டு பூஞ்சைகளின் இழைகளும் கலந்தால் வைரஸ் கடக்கும், சில மாதங்களில் புண்ணின் வேகம் குறையும். கலக்க வேண்டுமே என்பதற்காக, அந்த வட்டாரத்தில் எந்தப் பொருத்த வகைகள் இருக்கின்றனவோ அந்த வகைகளை எல்லாம் கூழில் சேர்ப்பார்கள்.

ஐரோப்பாவில் பலித்தது, அமெரிக்காவில் பலிக்கவில்லை

அதே பூஞ்சை, அதே வைரஸ். 1970களிலிருந்து அமெரிக்காவிலும் முயன்றார்கள். மருந்து வைத்த புண் ஆறியது, பக்கத்து மரத்துக்கு வைரஸ் போகவில்லை. விஸ்கான்சினில் வெஸ்ட் சேலம் என்ற இடத்தில், செஸ்நட்டின் இயற்கை எல்லைக்கு வெளியே தப்பித்திருந்த ஒரு பெரிய தோப்பில் 1987இல் நோய் வந்தபோது, 1992 முதல் பல ஆண்டுகள் வைரஸ் வைத்துப் பார்த்தார்கள். சில மரங்கள் தேறின, நிறைய மரங்கள் போயின. மிச்சிகனில் சில தோப்புகள் தாமாகவே தேறியிருக்கின்றன, அங்கே வேலை செய்வது சி.எச்.வி.-3 என்ற வேறொரு வைரஸ். மற்றபடி அமெரிக்கக் காடுகளில் இந்த வழி தோல்விதான். காரணங்கள் பல, ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை.

1. பொருத்த வகைகள். ஐரோப்பாவில் இந்தப் பூஞ்சையின் பொருத்தத்தைத் தீர்மானிப்பதாக ஆறு மரபணு இடங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு வடிவம், ஆக 64 சேர்க்கைகள். நடைமுறையில் பல வட்டாரங்களில் ஒன்றிரண்டு வகைகளே ஆட்சி செய்கின்றன. அமெரிக்காவில் வகைகள் இதைவிட அதிகம், ஒரே மரத்தில் இரண்டு மூன்று வகைகள் இருக்கும். தடை முழுத் தடை அல்ல, சில சேர்க்கைகளில் வைரஸ் கசியத்தான் செய்கிறது, ஆனால் போதுமான அளவு இல்லை.

2. கலவி ஸ்போர். சி.எச்.வி.-1 கொனிடியாவில் ஏறும், கலவியால் வரும் ஆஸ்கோஸ்போரில் ஏறாது. அதாவது கலவி நடக்கும் ஒவ்வொரு முறையும் வைரஸ் இல்லாத புதுப் பூஞ்சைகள் காற்றில் கிளம்புகின்றன, அதோடு மரபணுக்கள் கலைந்து புதிய பொருத்த வகைகளும் பிறக்கின்றன. ஒரே நடப்பு வைரஸை இரண்டு பக்கமும் அடிக்கிறது.

3. மரம். ஐரோப்பிய செஸ்நட் அமெரிக்கத்தைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். வைரஸ் வந்துசேரும்வரை மரம் உயிரோடு இருந்தால்தானே ஆறுவதற்கு?

4. வைரஸின் வலு. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். சி.எச்.வி.-1இல் பிரெஞ்சு வகை என்று ஒன்று இருக்கிறது, அது பூஞ்சையைக் கடுமையாக முடக்கும், ஆய்வகத்தில் பார்த்தால் இதுவல்லவா மருந்து என்று தோன்றும். இத்தாலிய வகை மென்மையானது, பூஞ்சை ஓரளவு வளரும், ஸ்போரும் போடும். ஐரோப்பா முழுக்கப் பரவிக்கிடப்பது இத்தாலிய வகை. பூஞ்சை ஸ்போர் போட்டால்தான் வைரஸுக்குப் பயணம், அதனால் அதிகம் முடக்குகிற வைரஸ் தன் வாகனத்தைத் தானே உடைத்துக்கொள்கிறது.

இந்தத் தடைகளை மரபணு வேலையால் தாண்டலாமா என்றும் பார்த்திருக்கிறார்கள். வைரஸின் நகலைப் பூஞ்சையின் குரோமோசோமிலேயே பதித்துவிட்டால் கலவி ஸ்போரிலும் அது போய்ச்சேரும். இப்படிச் செய்த பூஞ்சையை 1994இல் கனெக்டிகட்டில் ஒரு காட்டில் அனுமதியோடு விட்டுப் பார்த்தார்கள். 2016இல் வேறு வழி: பொருத்த மரபணுக்களையே செயலிழக்கச் செய்து, யாரோடு வேண்டுமானாலும் கலந்து வைரஸைக் கொடுக்கும் கொடையாளிப் பூஞ்சைகளை உருவாக்கினார்கள். பொருந்தாத வகைகளுக்கும் வைரஸ் கடந்தது. கலவியில் வைரஸ் விடுபட்டுப்போவதை அது தீர்க்காது என்பதால் காட்டளவு வெற்றிக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

வளர்ச்சி குறைவது வேறு, நோய் குறைவது வேறு

செய்திகளில் அடிக்கடி வரும் வரி: "வைரஸ் தொற்றிய பூஞ்சையின் வளர்ச்சி இத்தனை விழுக்காடு குறைந்தது." இது எங்கே அளந்தது என்று முதலில் பாருங்கள். அநேகமாக உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் தட்டில், 20 அல்லது 25 டிகிரியில், ஒரு வாரம் வளர்த்து விட்டத்தை ஸ்கேலால் அளந்திருப்பார்கள். தட்டில் சர்க்கரை தாராளம், எதிர்ப்பு இல்லை. மரப்பட்டையில் சர்க்கரை கொஞ்சம், டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய, மரமும் சும்மா இருக்காது.

செஸ்நட் பூஞ்சையை எடுத்துக்கொண்டால் சி.எச்.வி.-1 அதன் வேகத்தைவிட அதன் செல்லுக்குள் நடக்கும் தகவல் தொடர்பைத்தான் அதிகம் குலைக்கிறது. வெளியிலிருந்து வரும் குறிப்பை உள்ளே கடத்தும் ஜி-புரதம் ஒன்றின் அளவு குறைகிறது, லாக்கேஸ் போன்ற நொதிகள் குறைகின்றன, நிறமி குறைகிறது, ஸ்போர் குறைகிறது, பெண் பூஞ்சையாகக் கலவியில் ஈடுபடும் திறன் போய்விடுகிறது. தட்டில் ஓரளவு நன்றாகவே வளரும் பூஞ்சை, பட்டையில் மட்டும் திணறுகிறது. தட்டு அளவை மட்டும் நம்பியிருந்தால் இந்த வைரஸை ஒதுக்கியே வைத்திருப்பார்கள்.

பூஞ்சையும் வைரஸை எதிர்க்கிறது. வெளி ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டிப்போடும் ஒரு தற்காப்பு அதற்கு இருக்கிறது, டைசர் என்ற நொதிதான் அதில் கத்தி. அந்த மரபணுவை நீக்கிவிட்டால் அதே வைரஸ் பூஞ்சையைப் படுத்தபடுக்கையாக்கிவிடும். வைரஸும் லேசுப்பட்டதல்ல, பி-29 என்ற புரதத்தை வைத்து அந்தத் தற்காப்பை அமுக்குகிறது. ஆக "இந்த வைரஸ் இவ்வளவு வலுவானது" என்று தனியாக ஒரு எண் கிடையாது. எந்தப் பூஞ்சையில், எந்த வெப்பத்தில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மற்ற மரங்களில் கிடைத்த பாடம்

எல்ம் மரத்தின் வாடல் நோயில் ஓபியோஸ்டோமா நோவோ-உல்மி என்ற பூஞ்சை பிரிட்டனில் 1970களிலிருந்து இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட மரங்களை வீழ்த்தியது. இதை நீண்டகாலம் ஆராய்ந்த பிரேசியர், பூஞ்சைக்குள் பரவும் ஒரு நோய்க்கூறு இருப்பதைக் காட்டினார். அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வாழும் மைட்டோவைரஸ். செல்லின் சக்தி நிலையத்தையே குலைப்பதால் வளர்ச்சி மந்தமாகி, ஸ்போரும் பாழாகும். நோய் புதிதாக நுழையும் முனையில் பூஞ்சை பெரும்பாலும் ஒரே குளோன், ஒரே பொருத்த வகை, வைரஸ் சுலபமாகப் பரவும். ஆனால் சில ஆண்டுகளில் அதே இடத்தில் பொருத்த வகைகள் பெருகிவிடுகின்றன, வைரஸ் பின்தங்கிவிடுகிறது. வைரஸின் அழுத்தமே பூஞ்சையைப் பல வகையாகப் பிரியத் தூண்டுகிறது என்பது பிரேசியரின் வாதம். பூஞ்சையைச் சுமப்பது பட்டை வண்டு என்பதால் மனிதர் கைவைக்க இடமும் குறைவு.

ஊசியிலை மரங்களின் வேரை அழுகவைக்கும் ஹெட்டரோபாசிடியான் என்ற பூஞ்சை ஐரோப்பாவில் பெரிய நஷ்டக்காரன். பின்லாந்தில் இதன் வைரஸ்களை விடாமல் ஆராய்கிறார்கள். ஹெட்.பி.வி.13-ஏ.என்.1 என்று ஒன்று, பூஞ்சையின் வளர்ச்சியைப் பலமாகக் குறைக்கிறது, நெருங்கிய வேறொரு இனத்துக்கும் தாண்டுகிறது. நம்பிக்கை தருவதுதான். அதே பூஞ்சையில் ஹெட்.ஆர்.வி.6 என்ற இன்னொரு வைரஸோ, பூஞ்சையின் இனமும் வெப்பநிலையும் மாறினால் ஒரு சமயம் தடையாகவும், ஒரு சமயம் எந்த விளைவும் இல்லாமலும், சில சமயம் துணையாகவும் இருக்கிறது.

துணை என்று சொன்னது தற்செயல் அல்ல. ஜின்செங் வேரைத் தாக்கும் பூஞ்சை ஒன்றில், வைரஸ் ஆர்.என்.ஏ. இருந்தால் நோய் கடுமையாகிறது என்று 2001இல் கொரியாவில் காட்டினார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளின் ஓரம் வளரும் ஒரு புல், சுடும் மண்ணைத் தாங்குவதற்கு அதற்குள் இருக்கும் பூஞ்சையும், அந்தப் பூஞ்சைக்குள் இருக்கும் வைரஸும் இரண்டுமே தேவைப்படுகின்றன என்று 2007இல் தெரியவந்தது. வைரஸ் என்றாலே பூஞ்சைக்கு எதிரி என்ற கணக்கு இங்கே உதைக்கிறது.

வெளிப்பயணம் கிடையாது என்ற விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. 2010இல் சீனாவில், கடுகு இனப் பயிர்களைத் தாக்கும் ஸ்கிளெரோட்டினியா பூஞ்சையில் ஒரு டி.என்.ஏ. வைரஸ் கிடைத்தது. இது துகளாக வெளியிலிருந்தே பூஞ்சையைத் தொற்றும், பொருத்த வகை பார்ப்பதில்லை. தெளிக்கும் மருந்து என்று பேச முடிந்தால் இதை வைத்துத்தான் பேச முடியும். பயிர்ப் பூஞ்சை அது, மரப் பூஞ்சை அல்ல.

சரி, நம் வேம்புக்கும் சவுக்குக்கும்?

வேம்பின் நுனிக்கருகலுக்குக் காரணமாகச் சொல்லப்படும் போமாப்சிஸ் அசாடிராக்டே என்ற பூஞ்சை, 1997இல் கர்நாடகத்தில் எடுத்த மாதிரிகளை வைத்துப் புது இனமாக விவரிக்கப்பட்டது. மழையில் பரவும், விதையிலும் போகும், கொழுந்து, பூங்கொத்து, காய் மூன்றையும் கெடுக்கும். தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சும் பூச்சியும் வேம்பின் கொழுந்தைக் கருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது காரணம் என்று பிரிக்காமல் வைரஸைப் பற்றிப் பேசுவது வீண், பூச்சி செய்த சேதத்துக்குப் பூஞ்சை வைரஸ் என்ன செய்யும்? உயரமான மரத்துக்குக் கார்பென்டசிம் போன்ற பூஞ்சைக்கொல்லியைத் தெரு நடுவில் நின்று பீய்ச்சி அடிப்பதும் சங்கடமான வேலை. காய்ந்த நுனிகளை மழைக்கு முன் கழித்து அப்புறப்படுத்தினால் ஸ்போர் குறையும், மரமும் பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும், அவசரப்பட்டு அடியோடு வெட்டத் தேவையில்லை.

இதில் ஒரு சுவாரஸ்யமான தொடர்பு இருக்கிறது. போமாப்சிஸும் டயபோர்த்தே என்ற பெயரில் வரும் பூஞ்சைகளும் ஒரே கூட்டம். தென்னாப்பிரிக்காவில் பழமரங்களில் புண் உண்டாக்கும் டயபோர்த்தே அம்பிகுவாவின் வலுவிழந்த ஒரு மாதிரியில் 2000இல் ஒரு ஆர்.என்.ஏ. வைரஸைக் கண்டுபிடித்தார்கள். வேம்பின் பூஞ்சைக்கு நெருங்கிய சொந்தத்தில் வைரஸ் இருக்கிறது என்பதால், வேம்பிலேயே தேடுவது வெட்டி வேலை இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

சவுக்கில் வேறு நிலைமை. செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் கரையோரத் தோப்புகளில் கொப்புளப் பட்டை நோய் என்று ஒன்று வரும். பட்டை கொப்புளமாகப் புடைத்து, வெடித்து, உள்ளிருந்து கரித்தூள் மாதிரி கறுப்பு ஸ்போர் கொட்டும். காரணம் சுப்ரமணியனோஸ்போரா வெசிகுலோசா என்ற பூஞ்சை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பூஞ்சையியலாளர் சி. வி. சுப்ரமணியனைச் சிறப்பிக்க வைத்த பெயர். சவுக்கை நாலைந்து வருஷத்தில் வெட்டிவிடுவார்கள், மெதுவாகப் பரவி மெதுவாக வேலை செய்யும் வைரஸுக்கு அந்த அவகாசம் போதாது. நூறு வருஷம் நிற்கும் காட்டு மரத்துக்கு ஏற்ற உத்தி, காகிதக் கூழுக்காக வளர்க்கும் மரத் தோப்புக்குப் பொருந்துவது கடினம் என்பது என் கணிப்பு. தைல மரத்தின் பட்டைப்புண்ணில் இன்னும் கொஞ்சம் வாய்ப்பு தெரிகிறது: அதை உண்டாக்கும் கிரைசோபோர்த்தே, செஸ்நட் பூஞ்சையின் நெருங்கிய உறவு, கேரளத்தில் 1980களிலேயே பதிவானது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் செஸ்நட் பூஞ்சையின் வைரஸையே இதற்குள் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

தென்னையின் தஞ்சாவூர் வாடலுக்கும் தெருமர அழுகலுக்கும் காரணமான கானோடெர்மாவுக்கு என் கணிப்பு சாதகமாக இல்லை. காற்றில் கோடிக்கணக்கில் பறப்பது அதன் கலவி ஸ்போர், அதனால் வகைகள் ஏராளமாக இருக்கும்.

வெளிநாட்டு வைரஸை வாங்கி வந்து விட்டுவிடலாமே என்றால், உயிருள்ள கட்டுப்பாட்டுக் காரணிகளை இறக்குமதி செய்ய 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி அனுமதி வேண்டும், மரபணு மாற்றியதாக இருந்தால் 1989 விதிகளின்படி மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவிடமும் போக வேண்டும். இந்தக் கெடுபிடி நியாயமானதுதான், ஹெட்.ஆர்.வி.6 போல இடத்துக்கு இடம் குணம் மாறும் ஒன்றைக் காட்டில் விட்ட பிறகு திரும்பப் பிடிக்க முடியாது.

முதலில் செய்ய வேண்டியது இதைவிட எளிது. பல ஊர் வேம்புகளிலிருந்து பூஞ்சையை எடுத்துத் தனித்தனியாக வளர்த்து, இரண்டிரண்டாக ஒரே தட்டில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் வைக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் இரண்டும் சந்திக்கும். ஒரே பொருத்த வகை என்றால் எல்லை தெரியாமல் கலந்துவிடும், வேறு என்றால் நடுவில் கோடு விழும், சில இனங்களில் அந்தக் கோடு கறுப்பாகவே தெரியும். அகாரும் தட்டும் இன்குபேட்டரும் இருக்கிற எந்த வேளாண் கல்லூரி ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம். நூறு மாதிரியும் நாலைந்து வகைக்குள் அடங்கினால் வைரஸ் தேடும் வேலைக்குப் பணம் ஒதுக்கலாம். நூறு மாதிரிக்கு எண்பது வகை வந்தால், எவ்வளவு நல்ல வைரஸ் கிடைத்தாலும் அது தட்டைத் தாண்டிப் போகாது, அந்தப் பணத்தை நோய் தாங்கும் வேம்பு மரங்களைத் தேடி விதை எடுப்பதில் செலவிடலாம்.